கையெழுத்துப் போடாத மூணு பேர்

வர்ஜீனியாவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் அங்கே படிச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சே ரெண்டு பேர். "யாருப்பா அந்த ஜார்ஜ் மேசன்?"னு கேட்டா, "யாரோ சுதந்திரப் போராட்டத் தியாகியா இருக்கும்"னு பதில் வரும். நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்கு வச்ச பேரு மாதிரி, ஆளு மறந்துபோய் பேரு மட்டும் நிக்குது.

அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதினது யாருன்னு இங்கே ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கேட்டா வாஷிங்டன், ஃப்ராங்க்ளின், மாடிசன், ஹாமில்டன்னு மடமடன்னு ஒப்பிப்பான். நாலு பேருமே கையெழுத்துப் போட்டவங்க. அந்தக் காகிதத்தில் மொத்தம் 39 கையெழுத்து. ஆனா 1787 செப்டம்பர் 17 அன்னைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்த மூணு பேர் பேனாவைத் தொடலை. ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், எல்பிரிட்ஜ் கெர்ரி. இந்தப் பதிவு அவங்களைப் பத்தி.

பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

கூட்டம் எதுக்கு?

வெளிநாட்டில் படிக்கிறவங்களுக்கு இதை விளக்குறது ரொம்ப சுலபம். 13 பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கீங்கன்னு வச்சுக்குங்க. மளிகைக்கு அவனவன் இஷ்டப்பட்டா காசு கொடுப்பான், இல்லைன்னா கிடையாது. கொடுக்காதவனை ஒண்ணும் கேட்க முடியாது. வீட்டு விதியில் ஒரு வரி மாத்தணும்னா 13 பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தன் தலையை ஆட்டலைன்னாலும் பழைய கதைதான். இங்கிலாந்திடமிருந்து பிரிஞ்ச 13 மாநிலங்களும் இப்படித்தான் குடித்தனம் நடத்திக்கிட்டிருந்தாங்க. 1781ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தில் மத்திய காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. போர்க்கடன் கழுத்தை நெரிக்குது, இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டுக்கறோம்னு கெஞ்சினாங்க. இருக்கறதிலேயே சின்ன மாநிலமான ரோட் ஐலண்ட் முடியாதுன்னு சொல்லிடுச்சு. அவ்வளவுதான், திட்டம் அம்பேல்.

இதுக்கு நடுவில் 1786ல் மேற்கு மாசசூசெட்ஸில் விவசாயிகள் கிளம்பினாங்க. வரியும் கடனும் கட்ட முடியாம நிலம் ஏலத்துக்குப் போகுது. நீதிமன்றத்தை நடக்கவிடாம மறிச்சாங்க. டேனியல் ஷேஸ்ங்கிற முன்னாள் ராணுவ கேப்டன் முன்னால் நின்னார். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கு வரைக்கும் போயிட்டாங்க. கலகம் அடங்கிடுச்சு, ஆனா நிலம், பணம், பங்குப் பத்திரம் வச்சிருந்த பெரிய மனுஷங்களுக்கெல்லாம் வயித்தைக் கலக்கிடுச்சு. பலமான ஒரு மத்திய அரசு வேணும்னு தோணினதுக்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அப்படித்தான் 1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் கூடுவதுன்னு முடிவாச்சு. அதிகாரபூர்வமான வேலை, பழைய ஒப்பந்தத்தைத் திருத்துவது மட்டும்தான். புதுசா எழுதச் சொல்லி யாரும் அனுப்பலை.

அறைக்குள்ளே

மே 14 கூடணும். வழக்கம்போல ஆள் சேரலை. (கூட்டம்னா நேரத்துக்கு வராத பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை!) மே 25 அன்னைக்குத்தான் கோரம் சேர்ந்தது. ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பலை. மற்ற 12 மாநிலங்களில் இருந்து மொத்தம் 55 பேர் வந்து போனாங்க. ஃப்ராங்க்ளினுக்கு 81 வயசு, நியூ ஜெர்சியின் ஜோனத்தன் டேட்டனுக்கு 26. தலைமை நாற்காலியில் வாஷிங்டன். ஜெஃபர்சன் பாரிஸில் தூதர், ஜான் ஆடம்ஸ் லண்டனில் தூதர். அதனால ரெண்டு பேரும் இல்லை. இந்த ரெண்டு பேரும் கூட்டத்தில் இருந்ததா நம்மில் பலர் நினைச்சுக்கிட்டிருப்போம்.

முதல் விதியே ரகசியம். உள்ளே பேசினது ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. வாசலில் காவல். ஃபிலடெல்ஃபியா கோடைக்காலம் எப்படின்னு அங்கே ஜூலையில் இருந்தவங்களைக் கேளுங்க. அந்தப் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கிட்டு நாலு மாசம்.

ஒரு குட்டிக் கதை. ஜார்ஜியா பிரதிநிதி வில்லியம் பியர்ஸ் எழுதி வச்சது. யாரோ ஒருத்தர் தீர்மானங்களின் நகலை வெளியே தவறவிட்டுட்டார். அது வாஷிங்டன் கைக்குப் போச்சு. அன்னைக்குக் கூட்டம் முடியற நேரத்தில் வாஷிங்டன் எழுந்து, கடுமையான குரலில் கண்டிச்சுட்டு, காகிதத்தை மேசை மேல வீசி, "யாருதோ எடுத்துக்கட்டும்"ங்கிற மாதிரி சொல்லிட்டு, தொப்பியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.  பியர்ஸ் தன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார், தன்னோட நகலைக் காணோம்! பதறிப்போய் மேசைகிட்டப் போய்ப் பார்த்தா அது வேற யாரோ எழுதினது, அப்புறம் விடுதிக்குப் போனா, அவரோடது வேற கோட்டில் இருந்திருக்கு. மேசை மேல கிடந்த காகிதத்துக்குக் கடைசி வரைக்கும் யாரும் சொந்தம் கொண்டாடலை.

இவ்வளவு ரகசியமா நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? முக்கியமான காரணம் மாடிசன். தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார். அது வெளிவந்தது 1840ல், அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு. வகுப்பில் ஒருத்தன் மட்டும் ஒழுங்கா நோட்ஸ் எடுத்தா மத்தவங்க பிழைச்சுக்கலாம்கிற தத்துவம் அன்னைக்கே இருந்திருக்கு.

அந்த மூணு பேர்

கையெழுத்துப் போடாதவங்கன்னதும் வேண்டாத விருந்தாளிகள், குழப்பம் பண்ண வந்தவங்கன்னு நினைச்சுடாதீங்க. கோவிச்சுக்கிட்டுப் பாதியில் போனவங்க வேற. நியூயார்க்கின் யேட்ஸும் லான்சிங்கும் ஜூலை 10 அன்னைக்கே கிளம்பிட்டாங்க. மேரிலாண்டின் லூதர் மார்ட்டினும் முடியறதுக்கு முன்னால் போயிட்டார். இந்த மூணு பேர் கடைசி நாள் வரைக்கும் இருந்தவங்க. சாசனத்தின் பல பகுதிகளில் இவங்க கை இருக்கு.

எட்மண்ட் ராண்டால்ஃபுக்கு அப்போ வயசு 33. வர்ஜீனியாவின் கவர்னர். மே 29 அன்னைக்கு எழுந்து 15 தீர்மானங்களைப் படிச்சார். பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுட்டு மூணு கிளைகள் கொண்ட தேசிய அரசை உருவாக்கலாம்ங்கிற வர்ஜீனியா திட்டம் இதுதான். மூளை மாடிசனுடையது, வாய் ராண்டால்ஃபுடையது. ஆக, முழு விவாதத்தையும் தொடங்கி வச்சவரே கடைசியில் கையெழுத்துப் போடலை!

எல்பிரிட்ஜ் கெர்ரி மாசசூசெட்ஸ் வியாபாரி. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். ஷேஸ் கலகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் மக்கள் நேரடியா ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ரொம்பப் பயம். நாட்டின் கேடெல்லாம் ஜனநாயகம் மிதமிஞ்சிப் போனதால்தான்னு மே 31 அன்னைக்கே பேசினவர். ஆனா பெரிய மாநிலம், சின்ன மாநிலம் சண்டையில் கூட்டமே உடையப் போன நேரத்தில், சமரசம் தேடிய குழுவுக்குத் தலைவர் இவர்தான். கீழ்சபையில் மக்கள்தொகைப்படி இடம், மேல்சபையில் மாநிலத்துக்குச் சம இடம். ஜூலை 16 அன்னைக்கு 5க்கு 4 என்ற கணக்கில் தப்பிப் பிழைச்சது. மாசசூசெட்ஸ் ஓட்டு ரெண்டாப் பிரிஞ்சு செல்லாமப் போனதால்தான் அதுவும் நடந்தது. அந்த ஓட்டைப் பிரிச்சதில் கெர்ரிக்குப் பங்கு உண்டு. இன்னைக்கும் அமெரிக்க செனட்டில் கலிஃபோர்னியாவுக்கும் ரெண்டு இடம், வயோமிங்குக்கும் ரெண்டு இடம்னா அதுக்கு இந்த மனுஷனும் ஒரு காரணம்.

அடுத்தது மேசன். 61 வயசு. பொட்டோமாக் நதிக்கரையில் கன்ஸ்டன் ஹால்னு பெரிய பண்ணைவீடு. வாஷிங்டனுக்குப் பக்கத்து ஊர்க்காரர், நீண்ட நாள் நண்பர். பதவி ஆசை இல்லாதவர், வீட்டை விட்டு வெளியே வரவே சலிச்சுக்கிறவர். 1776ல் வர்ஜீனியா உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை எழுதினவர் இவர்தான். மனிதர் எல்லோரும் இயல்பிலேயே சமமான சுதந்திரம் உள்ளவர்கள், பத்திரிகைச் சுதந்திரத்தைத் தடுக்கக்கூடாது, ஜூரி விசாரணை வேணும் என்பதெல்லாம் அதில் உண்டு. சில வாரம் கழிச்சு ஜெஃபர்சன் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தில் அந்தச் சாயல் அப்படியே தெரியும்.

ஆகஸ்ட் 22

இங்கேதான் கதை கசக்கும்.

அந்த 55 பேரில் சுமார் 25 பேர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். மேசனிடமும் 100க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்தாங்க. அதே மேசன் ஆகஸ்ட் 22 அன்னைக்கு எழுந்து அடிமை வியாபாரத்தை வெளுத்து வாங்கினார். அடிமை வைத்திருக்கும் ஒவ்வொருத்தனும் பிறவியிலேயே குட்டிக் கொடுங்கோலன் ஆகிறான், இது நாட்டின் மேல் கடவுளின் தண்டனையைக் கொண்டுவரும், தேசங்களுக்கு மறுமை இல்லை என்பதால் தண்டனை இந்த உலகத்திலேயேதான் வரும் என்கிற பொருளில் பேசினார். 1861ல் தொடங்கிய உள்நாட்டுப் போரை நினைச்சுக்கிட்டு இதைப் படிச்சா உடம்பு சிலிர்க்கும்.

ஆனா அறையில் யாரும் சிலிர்க்கலை. கனெக்டிகட்டின் ஆலிவர் எல்ஸ்வொர்த் நக்கலா ஒரு பதில் கொடுத்தார். நான் அடிமையே வச்சுக்கிட்டது இல்லை, அதனால அது குணத்தை எப்படிக் கெடுக்கும்னு எனக்குத் தெரியாது, தர்மம்தான் பேசறோம்னா இன்னும் மேலே போய் இங்கே ஏற்கெனவே இருக்கிறவங்களையும் விடுதலை பண்ணிடலாமே, என்றார். தென் கரோலினாவின் பிங்க்னி இன்னும் வெளிப்படை. இறக்குமதியை நிறுத்தினா வர்ஜீனியாவுக்குத்தான் லாபம், அவங்ககிட்ட இருக்கிற அடிமைகளுக்கு விலை ஏறும் என்றார்.

ரெண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. மேசன் கடைசி வரைக்கும் தன் அடிமைகளை விடுதலை செய்யலை, உயிலில்கூட. 1788ல் வர்ஜீனியா மாநாட்டில் பேசும்போது, ஒரே மூச்சில் அடிமை இறக்குமதியைக் கண்டிச்சார், ஏற்கெனவே எங்களிடம் உள்ள அடிமைச் சொத்துக்குச் சாசனத்தில் பாதுகாப்பு இல்லையேன்னும் குறைப்பட்டார். ஒரே மனுஷன், ஒரே உரை. இதை மழுப்பி அவரை மகாத்மா ஆக்க எனக்கு விருப்பம் இல்லை.

அப்புறம் நடந்தது சுத்தமான பேரம். தென்கோடி மாநிலங்களுக்கு அடிமைக் கப்பல் வேணும். வடக்கத்தி கப்பல் முதலாளிகளுக்குக் கடல் வணிகச் சட்டங்களைச் சாதாரணப் பெரும்பான்மையில் போட்டுக்கொள்ளும் வசதி வேணும். ரெண்டையும் மாத்திக்கிட்டாங்க. அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்க முடியாதுன்னு முடிவாச்சு. முதலில் 1800ன்னு இருந்தது, இன்னும் எட்டு வருஷம் சேர்த்துக் கேட்டவர் பிங்க்னி. அதை வழிமொழிஞ்சவர் மாசசூசெட்ஸ்காரர்! சாசனம் முழுக்கத் தேடினாலும் "அடிமை"ங்கிற வார்த்தை கிடையாது. "மற்ற நபர்கள்"னு எழுதிட்டுப் போயிட்டாங்க. கீழ்சபை இடங்களைக் கணக்குப் போட மட்டும் அந்த ஐந்து நபர்களை மூணாக எண்ணிக்கிட்டாங்க. அடிமை முறையை ஒழிக்கும் திருத்தத்தில்தான், 1865ல், அந்தச் சொல் முதன்முறையாச் சாசனத்துக்குள் நுழைஞ்சது.

இந்தப் பேரத்தில் மேசனுக்கு ரெண்டு பக்கமும் தோல்வி. வணிகச் சட்டத்துக்கு மூணில் ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு அவர் கேட்டது, தென்மாநில விவசாயப் பண்ணைகளின் லாபத்துக்காக. அதுவும் போச்சு. ஆகஸ்ட் 31 அன்னைக்குச் சொன்னார்: இப்போ இருக்கிற நிலையில் இந்தச் சாசனத்தில் கையெழுத்துப் போடுவதைவிட என் வலது கையை வெட்டிக்கொள்வேன்.

சில மணி நேர வேலை

செப்டம்பர் 12. இறுதி வரைவு வந்தாச்சு. எல்லோருக்கும் வீட்டு ஞாபகம். மேசன் எழுந்து, இதுக்கு முன்னால் ஒரு உரிமைப் பிரகடனம் சேர்த்துடலாம், மக்களுக்கு நிம்மதியா இருக்கும், மாநிலங்களின் பிரகடனங்களைப் பார்த்துச் சில மணி நேரத்தில் எழுதிடலாம்னு சொன்னார். சும்மா வாய்ப்பேச்சு இல்லை, 1776ல் அதை எழுதிக் காட்டியவர் பேசறார். கெர்ரி தீர்மானமா முன்மொழிஞ்சார், மேசன் வழிமொழிஞ்சார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன், மாநிலங்களில் ஏற்கெனவே இருக்கே, அதை நாம ரத்து செய்யலையே, போதாதா என்றார். ஓட்டெடுப்பு. ஆதரவு 0, எதிர்ப்பு 10 மாநிலங்கள். மேசனின் சொந்த வர்ஜீனியாவும் எதிர்த்துத்தான் ஓட்டு.

பேச்சுச் சுதந்திரம் வேண்டாம்னு 10 மாநிலமும் நினைச்சதா இதுக்கு அர்த்தம் இல்லை. மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரத்தை ஏன் தடை செய்யணும்ங்கிறது ஒரு வாதம். ஹாமில்டன் பின்னாடி இதையே விரிவா எழுதினார். பட்டியல் போட்டா, பட்டியலில் இல்லாத உரிமை உனக்கு இல்லைன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான் என்கிற பயமும் நியாயமானதுதான். ஆனா மாடிசனின் குறிப்புகளைப் படிக்கும்போது எனக்குத் தோணுவது, அன்னைக்கு ஜெயிச்சது வாதம் பாதி, அலுப்பு பாதி. நாலு மாசம் ஆச்சு, கிளம்பினாப் போதும்.

மேசன் தன் கையில் இருந்த அச்சடிச்ச வரைவின் வெற்றுப் பக்கத்தில் ஆட்சேபங்களை எழுத ஆரம்பிச்சார். உரிமைப் பிரகடனம் இல்லைங்கிறதுதான் முதல் வரி.

செப்டம்பர் 15 அன்னைக்கு ராண்டால்ஃப் கடைசியா ஒரு வழி சொன்னார். மாநிலங்கள் திருத்தம் சொல்லட்டும், அதையெல்லாம் வச்சு இன்னொரு மாநாடு நடத்துவோம், இதை அப்படியே எடு, இல்லை விடுன்னு மக்களிடம் நீட்டாதீங்க என்றார். மாநாடெல்லாம் விளையாட்டு இல்லை, திரும்பத் திரும்ப நடத்த முடியாது என்றார் பிங்க்னி. அத்தனை மாநிலமும் ராண்டால்ஃப் தீர்மானத்தைத் தள்ளிடுச்சு.

செப்டம்பர் 17

கடைசி நாள். ஃப்ராங்க்ளின் எழுதி வந்த உரையை ஜேம்ஸ் வில்சன் படிச்சார். இதில் எனக்கும் பிடிக்காத பகுதிகள் உண்டு, ஆனா வயசாக வயசாக என் தீர்ப்பு மேலேயே எனக்குச் சந்தேகம் வருது, நீங்களும் உங்கள் தவறாமையைக் கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்கிற சாரம். அழகான உரை. கூடவே ஒரு தந்திரமும் இருந்தது. "வந்திருக்கும் மாநிலங்களின் ஏகமனதான சம்மதத்துடன்"னு வாசகம் போட்டுடலாம் என்றார். ஒவ்வொரு மாநிலத்திலும் பெரும்பான்மை ஒத்துக்கிட்டா ஏகமனது ஆயிடுமே! மறுக்கிறவங்களும் வெறும் சாட்சியாக் கையெழுத்துப் போடலாம்கிற ஏற்பாடு. வாசகத்தைச் செதுக்கினது கூவர்னர் மாரிஸ். நியூயார்க்கில் மிச்சம் இருந்தது ஹாமில்டன் ஒருத்தர்தான், அதனால அது மாநிலக் கணக்கில் வராது. வாஷிங்டன் தன் டைரியில் 11 மாநிலங்களும் கர்னல் ஹாமில்டனும் சம்மதிச்சதா எழுதினார் :-)

மூணு பேரும் அந்த வலையில் விழலை. ராண்டால்ஃப் வருத்தத்தோட மறுத்தார். வெளியே போய் எதிர்ப்பேன்னு சொல்லலை, என் மனசாட்சிக்கு இடம் விட்டு வச்சுக்கிறேன் என்றார். உள்நாட்டுச் சண்டை வந்துடுமோன்னு பயப்படறேன், இருந்தாலும் என்னால் முடியலை என்றார் கெர்ரி. மேசன் பேசினதா அன்னைக்கு மாடிசன் எதுவும் குறிக்கலை.

எல்லோரும் வரிசையாப் போய்க் கையெழுத்துப் போடும்போது, தலைவர் நாற்காலியின் பின்னால் செதுக்கியிருந்த பாதிச் சூரியனைக் காட்டி, இது உதிக்கும் சூரியன்தான்னு இப்போ எனக்குத் தெரியுதுன்னு ஃப்ராங்க்ளின் சொன்ன கதை ரொம்பப் பிரபலம். ஃபிலடெல்ஃபியா போனா அந்த நாற்காலியை இன்னைக்கும் பார்க்கலாம். நான் போனப்போ எல்லோரும் அதைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாங்க. என் கண்ணு பச்சைத் துணி விரிச்ச மத்த மேசைகள் மேல போச்சு. அதில் எங்கேயோ ஒரு மூலையில் மூணு பேர், எழுந்து போகாம, மத்தவங்க போடறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்காங்க. நாலு மாசம் கூடவே சாப்பிட்டு, கூடவே சண்டை போட்ட நண்பர்களுக்கு நடுவில் அப்படி உட்கார்ந்திருக்க எவ்வளவு தெம்பு வேணும்?

அப்புறம் என்ன ஆச்சு?

மேசனின் ஆட்சேபங்கள் அந்த வருஷம் நவம்பரில் பத்திரிகைகளில் வந்தது. "உரிமைப் பட்டியல் எங்கே?"ங்கிற கேள்வி ஊர் ஊராப் பரவிச்சு. சாமானிய ஜனத்துக்கும் சட்டுனு புரியற கேள்வி அது. மாசசூசெட்ஸ் 1788 பிப்ரவரியில் 187க்கு 168 ஓட்டில் ஒப்புதல் கொடுத்தது, அதுவும் இப்போ சம்மதிக்கிறோம், கூடவே இந்தத் திருத்தங்களைச் சிபாரிசு செய்யறோம்ங்கிற ஏற்பாட்டில்தான். வர்ஜீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27. எங்கேயும் அடிதடிக்குக் கொஞ்சம் முன்னாலதான் முடிஞ்சது.

ராண்டால்ஃப் வர்ஜீனியா மாநாட்டில் கட்சி மாறினார். அதுக்குள்ள எட்டு மாநிலம் ஒப்புதல் கொடுத்தாச்சு, இனி கேள்வி திருத்தமா இல்லையா என்பது இல்லை, ஒன்றியம் இருக்கணுமா வேண்டாமா என்பதுதான், அதனால ஆதரிக்கிறேன் என்றார். மேசனுக்குக் கடும் கோபம். வாஷிங்டன் அரசாங்கத்தில் ராண்டால்ஃப் முதல் அட்டர்னி ஜெனரல் ஆனதும் சந்தர்ப்பவாதின்னு பேச்சு வந்தது. எனக்கு அவர் மேல அவ்வளவு கோபம் வரலை. செப்டம்பரில் இருந்த நிலவரம் வேற, ஜூன் மாசத்து நிலவரம் வேற.

1789ல் வர்ஜீனியாவில் மாடிசன் காங்கிரஸ் தேர்தலில் நின்னார். எதிரில் நின்னது ஜேம்ஸ் மன்றோ. உரிமைகளுக்கான திருத்தம் கொண்டுவர்றேன்னு வாக்குக் கொடுத்துத்தான் மாடிசன் ஜெயிச்சார். செப்டம்பர் 12 ஓட்டெடுப்பில் கைவிட்ட வேலையை 1789 ஜூன் 8 அன்னைக்கு அவரே எழுந்து முன்மொழிஞ்சார். காங்கிரஸ் 12 திருத்தங்களை மாநிலங்களுக்கு அனுப்பியது. 1791 டிசம்பர் 15 அன்னைக்கு அதில் 10 சட்டமாச்சு. மிச்சம் இருந்த ரெண்டில் ஒண்ணு, காங்கிரஸ் உறுப்பினர் சம்பளம் பற்றியது, 200 வருஷம் தூங்கிட்டு 1992ல் 27ஆவது திருத்தமா எழுந்து வந்தது தனிக்கதை.

சில மணி நேரத்தில் முடிச்சிடலாம்னு மேசன் சொன்ன வேலைக்கு நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு.

மேசன் 1792 அக்டோபரில் இறந்துட்டார். வாஷிங்டனோட நட்பு முறிஞ்சது முறிஞ்சதுதான். கெர்ரி பின்னாடி மாசசூசெட்ஸ் கவர்னர் ஆனார். 1812ல் அவர் கையெழுத்துப் போட்ட தொகுதி வரைபடம் ஒண்ணு பல்லி மாதிரி வளைஞ்சு நெளிஞ்சிருந்ததால், கட்சிக்குச் சாதகமாத் தொகுதி வெட்டறதுக்கு "ஜெரிமாண்டர்"னு பேரே வந்துடுச்சு. சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்தவர், கையெழுத்துப் போட்டதால் கெட்ட பேர் வாங்கினார்! மாடிசனுக்குத் துணை ஜனாதிபதியா இருக்கும்போது 1814ல் இறந்தார்.

நமக்கு என்ன?

அந்தப் பத்துத் திருத்தங்களில் ஐந்தாவது, சட்டத்தின் முறையான வழியில் அல்லாமல் எந்த "நபரின்" உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக்கூடாது என்கிறது. குடிமகன்னு எழுதலை, நபர்னு எழுதியிருக்கு. எஃப்-1 விசாவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த ஒரு சொல் ரொம்ப முக்கியம். ஓட்டு கிடையாது, வேலை செய்ய ஆயிரம் நிபந்தனை, ஆனா நான் ஒரு நபர். சாசனத்தின் முதல் வரைவில் "நபர்"ங்கிற அதே சொல்லை அடிமைங்கிற வார்த்தையை மறைக்கிற போர்வையாப் பயன்படுத்தினாங்க. நாலு வருஷத்தில் அதே சொல் ஒரு கேடயமாவும் ஆச்சு. அடிமைப்பட்டிருந்தவர்களுக்கு அந்தக் கேடயம் கிடைக்க இன்னும் 70 வருஷத்துக்கு மேல, ஒரு பெரிய போர் வேண்டியிருந்தது.

இந்த வாசகம் மெட்ராஸ் வரைக்கும் வந்திருக்கு. நம்ம அரசியல் நிர்ணய சபைக்கு ஆலோசகரா இருந்த பி.என்.ராவ் 1947ல் அமெரிக்கா வந்து நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரைச் சந்திச்சார். இந்த வாசகத்தை வச்சுக்கிட்டு நீதிபதிகள் நல்ல சட்டங்களையும் முடக்கிடுவாங்கன்னு அவர் எச்சரிச்சார். முதலில் ஆதரிச்ச நம்ம அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் மனசு மாறினார். "சட்டம் வகுத்த நடைமுறை"ன்னு மட்டும் 21ஆவது பிரிவில் எழுதினாங்க. விளைவு, 1950ல் ஏ.கே.கோபாலன் மெட்ராஸ் மாகாணத்துக்கு எதிராப் போட்ட வழக்கில் தடுப்புக்காவல் செல்லும்னு தீர்ப்பு. நடைமுறைன்னா அது நியாயமான நடைமுறையா இருக்கணும்னு உச்ச நீதிமன்றம் சொல்ல 1978 மேனகா காந்தி வழக்கு வரைக்கும் காத்திருக்கணும். ஒரு வார்த்தையை விட்டா திரும்பக் கொண்டுவர எத்தனை வருஷம் பிடிக்குதுன்னு பாருங்க.

அமெரிக்காக்காரன் டி.வி.யில் "என் அரசியல் சாசன உரிமை"ன்னு கத்தறப்போ பெரும்பாலும் அவன் சொல்றது அந்த 39 பேர் கையெழுத்துப் போட்ட மூலக் காகிதத்தில் இருக்காது. பின்னால் சேர்ந்த திருத்தங்களில்தான் இருக்கும். அதுக்கு வாசலைத் தட்டினவங்களில் முக்கியமானவங்க, போடாத இந்த மூணு பேர்.

மூணு பேரும் உத்தமர்கள் இல்லை. ஒருத்தர் சாமானிய ஜனத்தைப் பார்த்துப் பயந்தவர், ஒருத்தர் ஊசலாடினவர், ஒருத்தர் அடிமைகளை வச்சுக்கிட்டே சுதந்திரம் பேசினவர். அந்த அறைக்குள் பெண்கள் இல்லை, கறுப்பர்கள் இல்லை, செவ்விந்தியர்கள் இல்லை, ஷேஸ் பக்கம் நின்ன கடன்கார விவசாயி இல்லை. இல்லாதவங்க பட்டியல் 55ஐ விட ரொம்பப் பெரிசு. மேசன் பல்கலைக்கழகத்தில் அவரிடம் அடிமைகளாக இருந்தவர்களுக்குன்னு ஒரு நினைவிடம் 2022ல் திறந்தாங்க. அவர் சிலை இருக்கிற அதே வளாகத்தில். எனக்கு அது சரியான ஏற்பாடாத் தோணுது. ரெண்டையும் ஒண்ணா வச்சுத்தான் அந்த மனுஷனைப் படிக்க முடியும்.

ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது அந்த நினைவிடத்தைப் பார்த்திருந்தா எழுதுங்க, படிக்க ஆசை. நம்ம அரசியல் நிர்ணய சபையில் மெட்ராஸில் இருந்து போனவங்க பத்தி தனியா எழுதணும்னு இருக்கேன். தேர்வு முடியட்டும்.